கோரைக்கு இந்தப் பக்கம்

ஏரியில் மீன் பிடிக்கும் ஏகாம்பரத்துக்குப் படகு மோட்டார் வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. கடைக்காரர் இரண்டு காட்டினார். நீளத் தண்டு வைத்தது கோரையிலும் சேற்றிலும் போகும். நடு ஏரிக் காற்றில் திணறும். மற்றது நடு ஏரியைக் கிழித்துக்கொண்டு போகும். கோரை வந்தால் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

"ரெண்டுத்துக்கும் தோதா ஒண்ணு இல்லியா?"

"எங்க ஜாஸ்தி ஓட்டுவீங்களோ, அதுக்குப் பாத்து எடுங்க."

அக்கரையில் மகள் சௌமியாவுக்குப் பையன் பிறந்திருந்தான். சீக்கிரம் போய்ப் பார்க்கிற ஆசையில் வேகமானதையே வாங்கினார்.

தொட்டில் போடும் நாளன்று நடு ஏரியை ஒரே மூச்சில் தாண்டினார். கரையோரக் கோரையில் மோட்டார் முக்கி நின்றது. அறுத்து எடுத்தால் மறுபடி சுற்றியது. மோட்டாரை நம்பித் தள்ளுகழியை வீட்டிலேயே விட்டுவந்திருந்தார். இறங்கினால் இடுப்பளவு சேறு.

"பேரனைப் பாக்க வந்துட்டு கொக்காட்டம் நிக்கிறியே, இன்னாய்யா மோட்டாரு இது?" என்றாள் படகில் கூட வந்த மனைவி கெங்கம்மாள்.

கரையில் சௌமியா குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "அப்பா, தெரியுதா?"

அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மஞ்சள் துணிதான்.

"தெரியுதும்மா! மூக்கு யாரு மாதிரி?"

"உன்ன மாதிரியேதான்!"

ஏகாம்பரம் மோட்டாரை விட்டுவிட்டுத் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.