தரையில் படுக்க வைக்கச் சொன்னபோது

1. பெண்ணாடம் பக்கம் ஒரு வீடு

ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரம். பெண்ணாடம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் மூச்சில்லாமல் கிடக்கிறார் என்று கால் வந்தது. வெளியூரில் இருக்கும் மகன்தான் பதறிப்போய் போன் செய்திருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். கூடத்தில் அவரைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். தலை தெற்கே இருந்தது. தலைமாட்டில் விளக்கு எரிந்தது. நாடி பார்த்தேன், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உடம்பு எப்போதோ குளிர்ந்திருந்தது.

அந்த ஊர்ப்பக்கம் எனக்குப் புதிதல்ல. என் அப்பாவும் அம்மாவும் அங்கெல்லாம் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். காலேஜ் முடித்து, பயிற்சி முடித்து, இந்த யூனிஃபார்மைப் போட்டிருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

பயிற்சியில் சொல்லித் தருவது இதுதான். இதயம் நின்றுபோனால் ஆளை உடனே உறுதியான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் அமுக்க வேண்டும். அதுதான் சி.பி.ஆர். மெத்தையிலோ கட்டிலிலோ வைத்து அமுக்கினால் நம் பலமெல்லாம் கட்டிலுக்குத்தான் போகும். ஆகவே தரைதான் நல்லது. ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் கட்டிலில் இருப்பவரைத் தரையில் இறக்குவது எப்போது என்று பெண்ணாடத்தில் பார்த்தேனே, அது பயிற்சிப் புத்தகத்தில் இல்லை.

2. கேட்டு மூடியிருந்த நேரம்

கிள்ளையிலிருந்து அந்த கால் வந்தபோது நல்ல வெயில். நாங்கள் சிதம்பரத்தில் ஒரு பிரசவ கேஸை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆணுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், நெஞ்சுவலி என்று கன்ட்ரோல் ரூமில் சொன்னார்கள். எங்கள் வேலையில் டிரைவரைப் பைலட் என்போம். என் பைலட் அருள்தாஸ் அண்ணன் சைரனைப் போட்டுக்கொண்டு விரட்டினார். ரயில்வே கேட்டில் போய் நின்றோம். மூடியிருந்தது.

"கூட்ஸ் வண்டி வருதாம்மா. எறங்கிப் போய் கேட்டத் தூக்க முடிஞ்சா நானே தூக்கிடுவேன்" என்றார்.

போன் செய்தவரின் நம்பரை அழைத்தேன். பெயர் செல்வம். படுத்திருப்பது அவருடைய அக்கா வீட்டுக்காரர் கலியமூர்த்தி. பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறவர்.

"இப்ப எப்படி இருக்காரு அண்ணே?"

"சாப்ட்டாரு, நெஞ்ச அடைக்கிதுன்னாரு, கட்டில்ல சாஞ்சாரு. இப்பத் தூங்குறாரு மேடம். கொறட்டை வுடுறாரு."

"விடாம கொறட்டை வருதா?"

"இல்ல மேடம். ஒண்ணு வுடுறாரு. அப்பறம் ரொம்ப நேரம் சும்மா இருக்காரு. அப்பறம் ஒண்ணு."

அது குறட்டை இல்லை. இதயம் நின்ற பிறகு உடம்பு இழுக்கும் கடைசி மூச்சுகள் அப்படித்தான் கேட்கும். தட்டி எழுப்பச் சொன்னேன். எழவில்லை.

"அண்ணே, அவரக் கட்டில்லேர்ந்து எறக்கித் தரையில படுக்க வைங்க. உடனே."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பாய்ந்து வந்தது. "எவ அவ? என் வூட்டுக்காரரத் தரையில போடச் சொல்றவ எவ? அவுரு என்னா செத்தா பூட்டாரு?"

"எங்கக்கா அஞ்சலை மேடம்" என்றார் செல்வம். "கட்டிலப் புடிச்சிக்கிட்டு வுட மாட்டேங்குது."

"கட்டில் என்ன கட்டில்?"

"நாடாக் கட்டில்."

நாடாக் கட்டிலில் அமுக்குவதும் ஊஞ்சலில் அமுக்குவதும் ஒன்றுதான். "மேடம் சொன்னா கேளுக்கா" என்று செல்வம் கத்தினார். "நீ போடா, ஒனக்கு எப்படா ஒம் மச்சான் பூவாருன்னு இருக்கு" என்று அந்த அம்மா திருப்பிக் கத்தினார். ரயில் இன்னும் வரவில்லை. அங்கே ஒருவருடைய மூளைக்கு ரத்தம் போகாமல் நேரம் போய்க்கொண்டிருந்தது. நானும் சேர்ந்து கத்தியிருந்தால் அந்த அம்மா கட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பார்.

"அண்ணே, போன ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். "அக்கா, நீங்க ராத்திரி எதுல படுப்பீங்க?"

"பாயிலதான். என்னா கேக்குற நீ?" என்றார் அஞ்சலையக்கா.

"கரண்ட் போனா அண்ணன் எங்க படுப்பாரு?"

"அவுரும் கீழதான் வந்து படுப்பாரு."

"அந்தப் பாய எடுத்து விரிங்க. அவரு தெனம் எப்படிப் படுப்பாரோ அப்படியே, கெழக்க தலை வெச்சுப் படுக்க வைங்க. அவர ஒண்ணும் தரையில போட வேணாம்."

போனில் கோரைப்பாய் தரையில் உருளும் சத்தம் கேட்டது. அதை விரித்தது செல்வம் இல்லை, அஞ்சலையக்காதான் என்று பிறகு சொன்னார்கள்.

"தலகாணி வெக்கட்டா?" என்றார்.

"தலகாணி வேணாம்கா. செல்வண்ணே, நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு, முட்டிய மடக்காம நல்லா அமுக்குங்க. வேகமா. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மேல வர வுடுங்க."

"எலும்பு ஒடஞ்சிடப் போவுது மேடம்!"

"ஒடஞ்சா ஒட்டிக்கும். நிறுத்தாதீங்க. என்கூட எண்ணுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் வண்டியில் எண்ணினேன். அவர் அங்கே எண்ணினார். நடுவில் கூட்ஸ் வண்டி தடதடவென்று போனது. அந்தச் சத்தத்தில் என் குரல் அவருக்குக் கேட்டிருக்காது. ரயில் போய் முடிந்ததும் காதில் போனை அழுத்தினேன். செல்வம் எண்ணிக்கொண்டே இருந்தார்.

கேட்டு தூக்கியதும் அருள்தாஸ் அண்ணன் வண்டியை எடுத்த வேகத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஸ்டாண்டோடு ஆடியது.

நாங்கள் போனபோது செல்வத்தின் சட்டை முழுக்க வியர்வை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மாற்றிவிட வந்து முட்டி போட்டிருந்தார். நான் அமுக்குவதை வாங்கிக்கொண்டேன். அண்ணன் ஆம்பு பேக்கை முகத்தில் வைத்து மூச்சுக் கொடுத்தார். ஈரமாக இருந்த நெஞ்சைத் துண்டால் துடைத்து ஏ.இ.டி. பேடுகளை ஒட்டினோம். மின்அதிர்வு கொடுக்கச் சொல்லி மெஷின் சொன்னது.

"யாரும் தொடாதீங்க! அக்கா, கைய எடுங்க!"

அஞ்சலையக்கா புருஷனின் காலைப் பிடித்திருந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். விட்டுவிட்டார். பட்டனை அழுத்தினேன். உடம்பு தூக்கிப் போட்டது. உடனே மறுபடி அமுக்க ஆரம்பித்தேன். அடுத்த முறை மெஷின் பரிசோதிக்க நிறுத்தியபோது கழுத்தில் விரல் வைத்தேன். துடித்தது. மெல்லிசாக இருந்தது, ஆனால் துடித்தது.

"இருக்கா?" என்றார் அருள்தாஸ் அண்ணன்.

"இருக்குண்ணே."

"அப்பாடா" என்றார். எனக்கும் அதைவிடப் பெரிய வார்த்தை எதுவும் வரவில்லை.

அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரி வரைக்கும் நான் அந்தக் கழுத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. கேஸை ஒப்படைக்கும்போது டியூட்டி டாக்டர், "சி.பி.ஆர். யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டார். "அவரோட மச்சான் சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

3. வார்டில்

சில நாள் கழித்து வேறொரு கேஸைக் கொண்டுபோனபோது வார்டில் எட்டிப் பார்த்தேன். கலியமூர்த்தி சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை.

"வலி இருக்காண்ணே?"

"நெஞ்சுல ஒண்ணுமில்லம்மா. வெலாவுலதான் வலி. ஒரு பழைய சண்டையில எம் மச்சான் ஒரு அடி பாக்கி வெச்சிருந்தான். வட்டியோட குடுத்துட்டான்."

"பொழச்சிக் கெடக்குற வாயப் பாரு" என்றார் பக்கத்தில் நின்றிருந்த செல்வம்.

வெளியே வந்தபோது அஞ்சலையக்கா பின்னாலேயே வந்தார். அன்று திட்டியதைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த அமுக்குறத எனக்குக் காட்டிக் குடு. அன்னைக்கி செல்வம் இருந்தான். அவன் இல்லாத நேரத்துல மறுபடி வந்துட்டா நான் என்னா பண்றது?"

நான் டியூட்டியில் இருந்தேன். இருந்தாலும் அருள்தாஸ் அண்ணனைப் பார்த்தேன். "வண்டிய நான் கிளீன் பண்றேன், நீ போ" என்றார். வராந்தாவில் ஒரு தலையணையைப் போட்டு, கை வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். அஞ்சலையக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு முட்டி போட்டார். படகுத் துடுப்பும் வலையும் பழகிய கை. முதல் அமுக்கிலேயே சரியான ஆழம் போனது. வேகம்தான் குறைவு. நான் எண்ணினேன், அவர் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில் நோயாளிகளின் ஆட்கள் இரண்டு மூன்று பேர் சுற்றி நின்றார்கள். ஒரு பெண், "அடுத்து நானு" என்றாள்.

ஜன்னல் வழியே கலியமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தலகாணியோட வெச்சுக்க. எங்கிட்ட வந்து பழகாத" என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். போனில் யாராவது உங்கள் பேச்சைக் கேட்க மறுத்தால், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் யோசியுங்கள். அந்தப் பயத்துக்கு இடம் கொடுத்து ஒரு வழி சொல்லுங்கள். வண்டி போய்ச் சேரும் வரைக்கும் நோயாளிக்கு இருப்பது போனில் பேசுகிற அவருடைய கைகள்தான்.