லாண்டரி அக்காவின் டீசல் வேன்

பத்து வருடம் அடுத்தவர் கடையில் இஸ்திரி போட்ட பிறகு சொந்தமாக லாண்டரி வைத்தவள் அவள். தெருவில் எல்லோருக்கும் லாண்டரி அக்கா. மூன்று விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் காலையில் எடுத்து, மாலைக்குள் வெளுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு வேன் தேவைப்பட்டது.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகை வண்டியில் போய்வந்து தூரத்தைக் குறித்தாள். நாளொன்றுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். அதுவும் நாலு தெரு ஓடி நின்று, மறுபடி நாலு தெரு. டீசல் மலிவுதான், மைலேஜும் அதிகம்தான். ஆனால் டீசல் வேனுக்கு விலையும் கூடுதல், சர்வீஸ் செலவும் கூடுதல். இந்தக் குட்டி ஓட்டத்தில் அந்தக் கூடுதலை எரிபொருள் மிச்சத்தில் ஈடுகட்ட ஒன்பது வருடம் ஆகும். பெட்ரோல் வேன்தான் என்று முடிவெடுத்தாள்.

வேன் கடனுக்கு ஜாமீன் போட வேண்டியவன் அண்ணன். தூரத்து ஊர்களுக்கு மேஜை, கட்டில் ஏற்றிப்போகிற வாடகை வண்டிக்காரன். அவள் கணக்கை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“ஊரே டீசல்ல ஓடுது, உனக்கு மட்டும் தனிக் கணக்கா? டீசல்னா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா மூட்டையத் தலையில தூக்கிட்டுப் போ.”

வேறு ஜாமீனுக்கு ஆளில்லை. டீசல் வேன் வந்தது.

நாலாம் மாதம் வேன் இழுக்கவே மறுத்தது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். டீசல் கரியைப் பிடிக்க உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். வண்டி சூடேறி நீளமாக ஓடினால்தான் கரி எரியுமாம். தெருவுக்குத் தெரு நின்றால் அடைத்துக்கொள்ளுமாம். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வேனை எங்கும் போகாத ஒரு பயணத்துக்கு ஓட்டினாள்.

உனக்கெதற்கு அலைச்சல் என்று அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டான். அதில் தன் கட்டில், மேஜைச் சரக்கை ஏற்றிப்போனான். வாடகை கேட்டால், ஃபில்டரைச் சுத்தம் செய்து தருகிறேனே, அதற்கு நீதான் கூலி தர வேண்டும் என்று சிரித்தான். ஞாயிறு போதாமல் சனி, அதுவும் போதாமல் வெள்ளி. ஒரு வெள்ளிக்கிழமை வேன் திரும்பவே இல்லை. துண்டுகள் போய்ச் சேரவில்லை. பெரிய விடுதி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. தவணையை மட்டும் அவள்தான் கட்டினாள்.

மறுநாள் வேனோடு வந்த அண்ணன் கூசாமல் பேசினான். “உனக்கு ஒத்துவராத வண்டி. எனக்கு மாத்திக் குடுத்துடு, மீதித் தவணைய நான் கட்டிக்கறேன்.”

“இதுவரைக்கும் நான் கட்டினது?”

“நீயும்தானே ஓட்டின.”

“எனக்கு வண்டி வாங்கித் தர்ற மாதிரி உனக்கு வாங்கிக்கிட்ட, இல்லண்ணா?”

அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த வாரமே முன்பின் தெரியாத ஒரு காய்கறி வியாபாரிக்கு வேனை விற்றாள். கடன் அடைந்தது, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வேனில்லாமல் லாண்டரியை மூடிவிட்டு, பழைய முதலாளியிடமே போய் நின்றாள். கூடப்பிறந்தவனுக்குத் தராமல் எவனுக்கோ விற்றவள் என்று சொந்தபந்தம் முழுக்கத் தூற்றுகிறது. அவள் பத்து வருடம் நின்ற அதே மேஜையில் இப்போது வேறொரு பெண் நிற்பதால், இவளுக்குப் பின்கட்டில் ஈரத்துணி பிழியும் வேலை.