எஸ்தர் மேடத்தின் பெயரில் இருந்த தவறு

இல்லை, கண்டிப்பானவர் என்று நான் சொல்ல மாட்டேன். மாணவர்கள் சொல்வார்கள். எஸ்தர் மேடம் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. பின்னால் வந்து நிற்பார். கைகளைப் பார்ப்பார். பியூரெட் குழாயைப் பிடித்திருப்பவர் அளவை மறுபடி பார்க்க அதுவே போதும்.

செவ்வாய்க்கிழமை காலை. முதல் பேட்ச் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தது. ஆய்வக உதவியாளர் மாதப்பா என் மேசையருகே வந்து நின்றார். "எஸ்தர் மேடம் ஹோகிபிட்ரும்மா." இறந்துவிட்டார் என்று கன்னடத்தில் சொன்னார். மேடம் ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார்; எதிர்பார்த்த செய்திதான். இப்போதைய மாணவர்களுக்கு அவரைத் தெரியாது. சொல்லவில்லை. வகுப்பு நடந்தது.

தெரியாதவர்களுக்காக: ஓய்வு பெறும்வரை எங்கள் மைசூர் கல்லூரியின் வேதியியல் ஆய்வகம் அவர் பொறுப்பில் இருந்தது. மண்டி மொஹல்லாவிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பி.எஸ்சி. மாணவர்கள் அளவுகளைப் பேனாவால்தான் எழுத வேண்டும். எழுதியவுடன் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். பிறகு திருத்த முடியாது. "தப்பா வந்தா தப்பாவே இருக்கட்டும் பிடு. குக் பண்றதெல்லாம் வீட்டு அடுப்புல வெச்சுக்க. இங்க ரீடிங்கைக் குக் பண்ணாத."

நான் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் ஆண்டு. திங்களன்று செய்முறைத் தேர்வு. சனிக்கிழமையே கரைசல்களைத் தயாரிப்பது என் வேலை. இரும்பு உப்புக் கரைசலில் சிறிது கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று பட்டே அது வலுவிழக்கும். நான் சேர்க்க மறந்தேன். நானே வகுப்பில் நடத்திய பாடம்.

பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிலைத்ததும் அளவைக் குறிக்க வேண்டும். முந்தைய வாரப் பயிற்சியில் பத்து புள்ளி இரண்டு வந்திருந்தது. தேர்வில் மேடத்தின் கையெழுத்துக்கு இடமில்லை. பத்தொன்பது பேர் பத்து புள்ளி இரண்டு என்று எழுதினார்கள். ஹனூர்ப் பெண் பவித்ரா மட்டும் எட்டு புள்ளி ஆறு. வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் தாளில் சிவப்பு வட்டம் போட்டார்.

"மூணு வாட்டி பாத்தேனுங்க மேடம். எட்டு புள்ளி ஆறுதானுங்க வருது. வேணும்னா பத்துன்னு எழுதிக்கறனுங்களா?"

"எழுதாத," என்றார் எஸ்தர் மேடம்.

அவரே பிப்பெட்டை எடுத்தார். தேர்வாளர் முன்னால் நின்று செய்தார். எட்டு புள்ளி ஆறு. மறுபடியும் செய்தார். அதேதான். கரைசல் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். லேசான மஞ்சள். என்னைப் பார்த்தார்.

"அப்போ இந்தப் பத்தொன்பது பேருக்கு எப்படி சரியா வந்துச்சு?" தேர்வாளருக்குப் புரியவில்லை.

"அவங்களுக்குக் கரைசலே வேண்டியதில்ல சார். ஞாபக சக்தி போதும்."

"யார் தயார் பண்ணது?"

"லேப் என் பொறுப்பு சார்."

பவித்ராவின் அளவு சரியென்று ஏற்கப்பட்டது. மற்றவர்கள் மதியம் புதிய கரைசலில் மீண்டும் தேர்வு எழுதினார்கள். நடைபாதையில் மேடத்தின் பின்னால் ஓடினேன்.

"மேடம், நான்தான்..."

"தெரியும். உனக்கு இன்னும் பர்மனென்ட் ஆகலயில்ல? சும்னே இரு." இரண்டடி போய்த் திரும்பினார். "பெரிய மனசுன்னு நினைச்சுக்காத. எனக்கு உன்மேல கோபம்தான்."

இரண்டு வாரம் பாட்டில்களைப் பற்றி மட்டுமே என்னிடம் பேசினார்.

மெமோ அவருக்கு வந்தது. பணிக் கோப்பில் ஏறியது. ஓய்வு பெறும்வரை தேர்வுப் பணிக்கு அவரை அழைக்கவில்லை. அடுத்த ஆண்டு என் வேலை நிரந்தரமானது. "ஆய்த்து. இனியாவது பாட்டிலைப் பாத்து வேலை செய்," என்றார். நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

போன மாதம் மேடத்தை அவர் வீட்டில் பார்த்தேன். குரல் மெலிந்திருந்தது. மறுபடியும் அந்தக் கரைசலைப் பற்றித் தொடங்கினேன்.

"இன்னும் அதையா சுமக்கற? இறக்கி வைக்கணும்னா வை. அதுக்கு என்கிட்ட ஏன் வர்ற?"

புதன்கிழமை அடக்கம். பவித்ரா வந்திருந்தாள். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை. கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்திருந்தாள். "அன்னிக்கு மேடம் தப்பா கலக்கிட்டாங்க. ஆனா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாங்க பாருங்க, அதுதானுங்க பெருசு." நான் தலையசைத்தேன். பெட்டி இறங்கியது. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். மண் ஈரமாக இருந்தது, விரல்களில் ஒட்டியது.

மேடம், அந்தக் கரைசலைத் தயாரித்தது நான். உங்களைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் படிக்கும் இந்த நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டேன். அமைதியாக உறங்குங்கள்.

வியாழக்கிழமை இதையே கடிதமாக எழுதி, அவருடைய பணிக் கோப்பில் சேர்க்கச் சொல்லி முதல்வர் அலுவலகத்தில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். ஒரு நகலைப் பவித்ராவுக்கு அனுப்பினேன். இரண்டு மணி பேட்ச் காத்திருந்தது. போனேன்.