தர்ஷினி மிஸ்ஸின் விசிட்டிங் கார்ட்

போன கிழமை தர்ஷினி மிஸ் என் கடைக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். கதிரையில் உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்தார். சிரிப்பா, அழுகையா? எனக்கு விளங்கவில்லை.

மன்னார் டவுனில் எனக்கு ஒரு சின்ன டிசைன் கடை இருக்கிறது. கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், செத்தவரின் படம் போட்ட முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை — இவைதான் பிழைப்பு. மிஸ் நறுவிலிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், செய்பவர். செய்வதற்காகக் காத்திருப்பவர் என்பதுதான் சரி. ஒருவரும் வருவதில்லை.

"முன்னுக்குக் கிடக்கிற வெறுங் கதிரையைப் பாத்துப் பாத்து எனக்கே விசராக்குது அண்ணை. ஒரு விசிட்டிங் கார்ட் அடிச்சுத் தாங்கோ. பள்ளிக்கூடங்களில குடுத்துப் பாப்பம்" என்று போன மாதம் கேட்டிருந்தார்.

'உளவளத்துணை' என்று போட்டால் எந்தப் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோகும்? தாய் கண்டால், "உனக்கென்னடி, விசரோ, பைத்தியமோ?" என்பாள். அந்தச் சொல்லையே வெட்டிவிட்டேன். நீள்வட்டத்துக்குள் மிஸ்ஸின் சிரித்த முகம். பின்னால் இளநீல வானம், கொஞ்சம் மேகம். பெயர். 'என்றும் உங்களோடு'. கீழே போன் நம்பர். லேமினேட்டும் செய்தேன். பார்க்க எனக்கே நல்ல திருப்தி...

ஓலைத்தொடுவாயில் ஒரு பிள்ளை அதைப் பள்ளிக்கூடக் கொப்பிக்குள் வைத்திருக்கிறாள். தாய் கண்டுவிட்டார். இப்படி ஓர் அட்டையைக் கண்டால் எங்கள் ஊரில் என்னவென்று நினைப்பார்கள்? மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, செபமும் சொல்லிவிட்டு, துக்கம் விசாரிக்க அந்த நம்பருக்கே போன் எடுத்தாராம்!

"பிள்ளை எப்பிடி மோசம் போனவ?"

"அம்மா... அந்தப் பிள்ளைதான் கதைக்கிறன்."

அந்தப் பக்கம் தாய் சிரித்தாராம். மிஸ் தான் யாரென்று சொல்லச் சொல்ல, சிரிப்பு மெல்ல மெல்ல அழுகையானது. புருஷன் கட்டாரில் வேலையாம். மகளோ வீட்டில் வாயே திறப்பதில்லை.

"குறை நினையாதேங்கோ மிஸ். எனக்குக் கதைக்க ஆளில்லை. செத்த வீட்டுக்காரரெண்டால் கொஞ்ச நேரம் நிண்டு கதைப்பினமெண்டு எடுத்தனான்."

துக்கம் விசாரித்தால்தான் ஒரு மனிதக் குரல் கிடைக்கும் என்றாகிவிட்டதா? என் மனைவியும் பிள்ளைகளும் கனடாவில். நானும் நினைவு அட்டை கொடுக்கப் போகிற வீடுகளில் ஒரு பிளேன்டீ குடித்து, இருந்து கதைத்துவிட்டுத்தான் வருகிறேன். ஏனென்று அன்றுதான் யோசித்தேன்.

சனிக்கிழமை தாயும் மகளும் சேர்ந்தே மிஸ்ஸிடம் போனார்களாம். தாய் அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்த மகள் சொன்னாளாம்: "எனக்கு மட்டுந்தான் இப்பிடியெண்டு நினைச்சனான், மிஸ்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ், கார்ட்டை மாத்தி அடிச்சுத் தாறன்" என்றேன்.

"ஐயோ, வேண்டாம் அண்ணை! இதையே இன்னும் அடிச்சுத் தாங்கோ."

அடித்துக் கொடுத்தேன். மிஸ்ஸின் நம்பரை என் போனிலும் சேவ் செய்துகொண்டேன் — சும்மா, கார்ட்டில் நம்பர் சரியா என்று பார்க்கத்தான்.