கால்ல தண்ணி காட்டு

விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அங்கே மேஸ்திரியோடு தகராறாகி, ஒலக்கூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்கு வேலை கேட்டுப் போனேன். “குதிரை தெரியுமாடா?” என்றார் பண்ணையார். தெரியும் என்றேன். பார்த்தால் தெரியும், அவ்வளவுதான்.

செவலைக் குதிரை. மூன்று வயது நிரம்பவில்லை. அதற்குள் அவர் தினமும் ஏறி, கப்பிக்கல் ரோட்டில் திண்டிவனம் வரை விரட்டியிருந்தார். முன்னங்காலில், குளம்புக்கு மேலே இருக்கிற மூட்டு வீங்கி நொண்டியது. வீக்கம் லேசாக இருந்ததால், எந்தக் கால் என்பதிலேயே எனக்குக் குழப்பம். வலது காலை ஊன்றும்போது தலை தாழ்ந்தது; அதனால் வலது காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். வலிக்கிற கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நோவு இடது காலில்.

அமாவாசைக்குள் நொண்டல் நிற்காவிட்டால் மூட்டில் சூடு போடுவது, அதற்கும் நிற்காவிட்டால் ஜட்காவுக்கு விற்பது என்று பண்ணையார் சொல்லிவிட்டார். சூடு போடுவதை நான் பார்த்திருக்கிறேன். நாலு பேர் குதிரையைக் கட்டிச் சாய்ப்பார்கள். அந்தத் தீய்ந்த வாசனை மூன்று நாளைக்கு மூக்கை விட்டுப் போகாது.

திண்டிவனம் மாட்டாஸ்பத்திரிக்கு மெதுவாக நடத்திக்கொண்டு போனேன். டாக்டர் வெளியூர்க்காரர், வேகமாகப் பேசுவார். எலும்பு இன்னும் முற்றவில்லை, ஒரு வருஷம் ஏறாதே என்றார். பிறகு, “கால்ல தண்ணி காட்டு, அரை மணி நேரம்” என்றார்.

என் காதில் ‘காலைல’ என்று விழுந்தது. மறுநாளிலிருந்து காலையில் வாளியை அதன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். அது இரண்டு நிமிஷம் குடிக்கும். மிச்ச நேரம் என்னையே பார்க்கும். மூட்டு வலிக்கும் தண்ணீர் குடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் புரியவில்லை. படித்தவர் சொன்னது என்று நின்றேன்.

அமாவாசைக்கு ஆறு நாள் இருக்கும்போது மறுபடியும் போனேன். வீக்கம் அப்படியே இருந்தது.

“தண்ணி காட்டினியா?”

“காட்னேங்க. வாளில.”

“கால வாளில வச்சா?”

“இல்லீங்க. வாய.”

டாக்டர் தன் காலைத் தட்டிக் காட்டினார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஏரி மதகடியில், ஓடுகிற தண்ணீரில் முட்டியளவுக்கு நிறுத்தினேன். மூன்றாம் நாள் வீக்கம் வடியத் தொடங்கியது. அமாவாசையன்று தலை ஆடாமல் நடந்தது. வாளி பிடித்த கதையைச் சொன்னேன்; பண்ணையார் சிரித்துக்கொண்டே சேணத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

“ஒரு வருஷம் ஏறாதேன்னாருங்க.”

“காலுக்கும் காலைக்கும் வித்தியாசம் தெரியாதவன் நீ. ஏறாதேன்னாரா, ஏத்தாதேன்னாரா? மூட்டை ஏத்தாதேன்னிருப்பாரு.”

ஏறாதே என்றுதான் கேட்டேன். ஆனால் காலைல என்றும்தானே கேட்டேன்? சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருக்க மாட்டேன்.

“கேட்டுக்கினு வர்றேங்க” என்று சொல்லிவிட்டு, சேணத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு நடந்தேன். சேணம் இல்லாமல் அவருக்கு ஏறத் தெரியாது. பின்னால் அவர் கத்தியது ரோடு வரை கேட்டது.

டாக்டர் என்னையும் சேணத்தையும் பார்த்து, குதிரை எங்கே என்றார்.

“பண்ணையில நிக்குதுங்க. ஏறாதேன்னு சொன்னீங்களா, ஏத்தாதேன்னு சொன்னீங்களா?”

“ரெண்டும்தான்” என்று சொல்லி, அதையே ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

பண்ணையார் சீட்டை இரண்டு தரம் படித்தார். குதிரைக்கு ஒரு வருஷம் ஓய்வு கொடுத்தார். எனக்கு அன்றைக்கே கணக்குத் தீர்த்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். யார் எதைச் சொன்னாலும், அவர் எதிரிலேயே அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். மந்தன் என்பார்கள். பரவாயில்லை.