கூடுதலாக ஒரு பட்டை

என் முதல் பிள்ளை, பசறையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியில், என் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. குலுக்கல் காரணமில்லை, முன்னமே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் அதை நம்பவில்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது எங்களிடம் ஒரு பழைய மோட்டார் கார் இருந்தது. பசறையில் எங்களுக்குக் கடை. பதுளையிலிருந்து சாமான் ஏற்றிவர வாங்கிய கார். ஒரு வளைவில் அதன் பின்பக்கத்து வில் முறிந்துவிட்டது. வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான் வில். வண்டி முழுவதும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. புதுப் பட்டைகள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து சேர்வதற்குள் எனக்கு மாதம் நிறைந்துவிட்டது. முற்றத்தில் வைத்துத் தானே மாட்டுவதாக இவர் கிளம்பினார்.

மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கியை வைத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார். நழுவினால் தாங்கட்டும் என்று அடியில் இரண்டு காலித் தேயிலைப் பெட்டிகளை நிறுத்தினார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் உட்காரவும் தேயிலைப் பெட்டி, கோழி அடைக்கவும் தேயிலைப் பெட்டி.

“என்னங்க, அதை நம்பியா அடியில படுக்கப் போறீங்க?”

“கெட்டிப் பெட்டி புள்ள. தேயிலையைத் தாங்குதுல்ல?”

“தேயிலையும் மோட்டாரும் ஒண்ணா?”

சிரித்துக்கொண்டே குனிந்தார். நான் பெட்டியை ஓங்கி உதைத்தேன். பலகை உடைந்து என் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த வயிற்றோடு ஒற்றைக் காலில் நின்று கத்தினேன். “நீங்க நசுங்கிச் செத்தா இதுக்கு யாரைக் காட்டி அப்பான்னு சொல்றது?”

அவர் சிரிப்பு நின்றது. உட்கார்ந்து என் காலை மெதுவாக விடுவித்து, சிராய்ப்பில் தேங்காயெண்ணெய் தடவினார். பிறகு ஒழுங்காகச் செய்தார். ஜாக்கிக்கு அடியில் அகலப் பலகை. வண்டிச் சட்டத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் தடித்த மரக்கட்டைகள். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். கடைசியில் தோளைக் கொடுத்து வண்டியை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

“இப்ப படுக்கலாமா, மகாராணி?”

“படுங்க.”

வேலை முடியும்வரை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கால்களையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பட்டைகள் துள்ளி முகத்தில் அடிக்காமலிருக்க அவற்றை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் அவற்றைக் கோத்திருக்கும் நடு ஆணியைத் தொட்டார். அந்தப் புத்தியாவது இருந்தது.

மாலையில் எழுந்து வந்து ரகசியம் போலச் சொன்னார். “ரெண்டு பக்கமும் ஒரு பட்டை கூடப் போட்டிருக்கேன். உனக்குக் குலுங்கக் கூடாதுல்ல.”

தனியாக ஓட்டிப் பார்க்கப் போனவர் தொங்கிய முகத்தோடு திரும்பினார். “உதைக்குது புள்ள. முன்னைக்கு இப்ப மோசம்.”

பட்டை கூடினால் வில் விறைத்துவிடும். பாரம் ஏற்றினால்தான் அது அமுங்கும். காலி வண்டியில் ஒவ்வொரு கல்லும் முதுகில் இடிக்கும். இது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

“கழட்டிர்றேன்” என்று மறுபடியும் ஜாக்கியை எடுத்தார்.

“இன்னொரு தடவை அடியில போனீங்கன்னா பதுளைக்கு நான் நடந்தே போயிருவேன்.”

“அப்ப உன்னை எப்படித்தான் கூட்டிட்டுப் போறது?”

“பாரம்தானே வேணும்? கடையில அரிசி இல்லையா?”

ஜாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கடைக்குள் போனார்.

வலி எடுக்கும் முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமென்று, மறுநாள் காலையில் கால் வைக்கும் இடத்திலும் ஆசனத்திலும் அரிசி மூட்டைகளை ஏற்றி, நடுவில் மெத்தை போட்டு என்னை உட்கார வைத்தார். நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும், “வலிக்குதா?”

“பாதையைப் பாருங்க.”

வண்டி தொட்டில் மாதிரிப் போனது. மூட்டையில் தலை சாய்த்து நான் தூங்கியே விட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் மறித்தார். “அரிசியா? குசினிப் பக்கம் கொண்டு போங்க.”

“அரிசி இல்லைங்க, என் பொண்டாட்டி!” என்று இவர் அலறியதில்தான் நான் விழித்தேன்.

மகள் பிறந்தாள். பிறந்த உடனே அழுதாள். வெளியே நின்ற இவருக்கும் அது கேட்டதாம்.

வீட்டுக்கு வரும்போதும் அதே மூட்டைகள் எங்களோடு வந்தன. பதுளைக்கு அரிசி கொண்டுபோய் விற்காமல் திருப்பிக் கொண்டுவந்த கடைக்காரரைப் பார்த்துப் பசறைக் கடைத்தெருவே சிரித்தது. அவர் பாதையைப் பார்த்தே ஓட்டினார். நான்தான் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

“பல்லை மூடுங்கய்யா. புள்ள தூங்குது.”