அம்மாவுக்கு ஒரு புதுச் சொல்

யுத்தத்தில் ஆண்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் தந்தி இலாகாவில் பெண்களையும் எடுத்தார்கள். நான் மதராஸில் மோர்ஸ் பழகி, தென்காசித் தபாலாபீசில் வந்து உட்கார்ந்தேன். கவுண்டருக்கு வருகிறவர்கள் என்னைத் தந்தியம்மா என்று கூப்பிட்டார்கள். என் வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்.

அப்போது தந்தி ஆங்கிலத்தில்தான் போகும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. விஷயத்தைத் தமிழில் சொல்வார்கள். சொல்லைத் தேடுவது என் வேலை. எதையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வது என் வழக்கம் என்பதால், உடம்பு தளர்வதற்கும் மனதில் ஒரு வரிசை இருந்தது. வீக் என்றால் தளர்ச்சி, ஆனால் நடமாட்டம் உண்டு. வெரி வீக் என்றால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். சீரியஸ் என்றால் பிள்ளைகள் புறப்பட வேண்டும். கிரிட்டிக்கல் என்றால் இரண்டில் ஒன்று. சிங்கிங் என்றால் மூழ்கிக்கொண்டிருக்கிறது, வந்து சேர்ந்தாலும் பேச்சு இருக்காது. கொலாப்ஸ் என்றால் சரிந்தாயிற்று.

வரிசை பெரிதாக இருந்தாலும் ஓடியது ஒரே சொல்தான். சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு குறைவு. லீவு கிடைக்க ‘மதர் சீரியஸ்’ என்று தந்தி அடிப்பதே வழக்கமாகிவிட்டது. பத்திரம் பதிய வேண்டுமா, பெண் பார்க்க வேண்டுமா, கோயில் கொடைத் திருவிழாவா, எல்லாவற்றுக்கும் தாய் சீரியஸ். ஒரு தடவை தம்பிக்குத் தந்தி அடிக்க வந்த ஒருவரோடு, வெற்றிலை மென்றபடி ஒரு அம்மாளும் வந்து நின்றாள்.

“ஏலே, நல்லா அழுத்தி அடிக்கச் சொல்லு. போன தடவ ரொம்பக் கொஞ்ச நாளுதான் லீவு விட்டானுவ” என்றாள்.

அவள்தான் அந்தத் தாய் என்பது அடித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய சமயம் என் அம்மாவுக்குத் தளர்ச்சி வந்தது. சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அருவியில் குளித்து உடம்பு தேறுகிறதென்று தினமும் தந்தி அடித்தார்கள். அவற்றை அனுப்பிவிட்டு நான் இலஞ்சிக்கு வீடு திரும்புவேன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் வயலை அம்மாவேதான் பார்த்துவந்தாள். முதலில் வயலிலிருந்து வரும் வழியில் வரப்பில் உட்கார ஆரம்பித்தாள். பிறகு குடத்தை இடுப்புக்கு ஏற்ற முடியவில்லை. பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தே தூங்கினாள். கால் வீங்கியது, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு என்னை மட்டும் வெளியே அழைத்து, இருதயம் ஓய்ந்துகொண்டிருக்கிறது, மிக்சர் மருந்து கொடுக்கலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை என்றார்.

எங்கள் வீட்டிலும் ஒருவன் பட்டாளத்தில் இருந்தான். அண்ணன் கிழக்கே எங்கோ இருந்தான். எந்த இடம் என்று எழுதக்கூடாது. பட்டாளத் தபால் விலாசம் மட்டும்தான் எங்களிடம் இருந்தது. போனபின் ஒரே தடவைதான் லீவில் வந்திருந்தான். அம்மா வேறெதையும் கேட்கவில்லை. அவனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள்.

“சீரியஸ்னு அடிச்சிருதேம்மா” என்றேன்.

“அது வேண்டாம். ஊரெல்லாம் தின்னு துப்புன வார்த்தை. மேலத் தெருக்காரி அந்த வார்த்தையப் போட்டுட்டு உரல்ல நெல்லு குத்திக்கிட்டு நிக்கா. நானும் அவளும் ஒண்ணா?”

“பெறவு என்னதான் அடிக்க?”

“நீ படிச்சவதான ஏட்டி. ஒருத்தரும் தொடாததா ஒண்ணு பாரு. அவன் ஆபீசரு வாசிச்சதும் இது நெசம்னு அந்த ஆளுக்குத் தெரியணும்.”

அவள் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்த கண், வேறு சொல்லைக் கண்டால் நிற்கும் அல்லவா? பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரிடம் அகராதி இரவல் வாங்கினேன். சாயங்காலம் அம்மா சாய்ந்திருக்க, ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் சொன்னேன்.

“எக்ஸாஸ்டட். அடியோட களைச்சுப் போறது.”

“களை பறிச்சா வாரது. ஒறங்குனா போயிரும். அடுத்தது.”

“வேஸ்டிங். உடம்பு உருகுறது.”

“காலு வீங்கிக் கெடக்கு, உருகுதுன்னா எவன் நம்புவான்?”

“டிக்ளைனிங். கொஞ்சங் கொஞ்சமா எறங்கிட்டு வாரது.”

“நெல்லு வெலையா நான்?”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. நான் முதுகைத் தடவிக்கொண்டே அடுத்ததைச் சொன்னேன்.

“ஃபெயிலிங். உடம்புல ஒவ்வொண்ணா கைவிட்டுட்டு வாரது.”

அவள் தன் கால்களைப் பார்த்தாள். “அதான். அத அடி” என்றாள்.

மறுநாள் காலை அதையே அடித்தேன். தாய் ஃபெயிலிங், மகனைக் காண விரும்புகிறார் என்று. பதில் வரத் தாமதமாயிற்று. அதற்குள் அம்மா கஞ்சியை விட்டுவிட்டாள், நீராகாரம்தான் இறங்கியது. வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாலேயே என்னைக் கேட்பாள். நான் இல்லை என்று தலையை அசைப்பேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பதிலை எடுத்தவளும் நானே. கருவி தட்டத் தட்ட எழுத்தெழுத்தாகக் காதில் விழுந்தது. ‘உங்கள் தந்தி விளங்கவில்லை. தாய் சீரியஸா என்று தெரிவிக்கவும். டாக்டர் உறுதி செய்யவும்.’ அவ்வளவுதான். அங்கே ஏதோ ஒரு குமாஸ்தாவுக்கு லீவு கொடுக்க ஒரு சொல் தேவைப்பட்டிருக்கிறது. அந்தச் சொல் என் தந்தியில் இல்லை.

வீட்டில் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

“அப்ப அந்த எச்சிலத்தான் திங்கணும்” என்றாள். “சரி, அடி.”

டாக்டர் கையெழுத்து வாங்கி அடித்தேன். லீவு உத்தரவாகி, அண்ணன் புறப்பட்டுவிட்டான் என்று பதில் வந்தது. அதை அம்மாவின் காதருகே குனிந்து சொன்னேன். கேட்டாளா என்று தெரியவில்லை. மறுநாள் விடியும் முன்பே போய்விட்டாள்.

ரயிலில் இருக்கிறவனுக்குத் தந்தி கிடையாது. எந்த ரயில், எந்த ஊரில் மாறுவான் என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தார். நான் திரும்பவும் கவுண்டரில் போய் உட்கார்ந்து மற்றவர்களின் தந்திகளை அடித்தேன். வெளியூர் வண்டி வரும் நேரங்களில் போஸ்ட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். அண்ணன் இறங்கவில்லை. பிறகு ஒருநாள் இறங்கினான்.

உடம்பு கறுத்து, ஆள் பெருத்திருந்தான். தோளில் பை. தூரத்திலேயே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

“என்னட்டி, நேரா ஸ்டேஷனுக்கே வந்துட்ட? பொண்ணு எந்த ஊரு? செங்கோட்டையா, கடையநல்லூரா?”

நான் பைக்குக் கை நீட்டினேன், அவன் கொடுக்காமல் பேசிக்கொண்டே நடந்தான்.

“அம்மா சீரியஸ்னு வந்ததும் எங்கூட உள்ளவனெல்லாம் ஒரே கேலி. ‘ஒனக்கும் கல்யாணம் வந்துட்டுலே’ன்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தானுவ. ஆபீசரே சிரிச்சுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு.”

“மொத தந்திய ஒனக்குக் காட்டலியாண்ணே?”

“எந்தத் தந்தி?”

பையைத் தட்டிக் காட்டினான். அம்மாவுக்குப் பால்பவுடர் டின் வாங்கிவந்திருப்பதாகவும், கல்யாணச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளைக் கொஞ்சம் தேற்ற வேண்டும் என்றும் சொன்னான். வெளியே வந்து இலஞ்சிக்கு வண்டி பேசினோம். அவன் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். வண்டி கொஞ்ச தூரம் போனது.

“அம்மா போயிட்டாண்ணே” என்றேன்.

வண்டிக்காரர் கயிற்றை இழுத்து மாட்டை நிறுத்தினார். அண்ணன் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை.